ஈஸ்டர் சாக்லேட்: எத்தனை கிராம் என்பதைவிட எத்தனை தடவை

200 கிராம் எடையுள்ள பால் சாக்லேட் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் 100 கிராமுக்குச் சுமார் 530 கலோரி, 30 கிராம் கொழுப்பு, 55 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். முழு முட்டைக்கும் பெருக்கினால் ஆயிரம் கலோரியைத் தாண்டுகிறது. சர்க்கரை 110 கிராம். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் வேண்டியதே ஏறத்தாழ 1,500 கலோரிதான். அந்த வயதுப் பிள்ளைக்கு ஈஸ்டர் அன்று வருவது ஒரு முட்டையோடு நிற்பதும் இல்லை. அப்பா அம்மா ஒன்று, தாத்தா பாட்டி ஒன்று, ஞானப்பெற்றோர் ஒன்று, பள்ளியிலிருந்து ஒரு பொட்டலம் என்று சேர்ந்துவிடும். எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி அந்தக் குவியலைப் பார்த்ததும்தான் எழுகிறது.

எண்ணாகப் பதில் வேண்டும் என்றால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் இன்னும் நல்லது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதைப் பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ப உடைத்துச் சொல்கிறது: 4 முதல் 6 வயது வரை நாளுக்கு 19 கிராம், 7 முதல் 10 வரை 24 கிராம், 11 வயதுக்கு மேல் 30 கிராம். அமெரிக்க இதயச் சங்கம் 2016இல், 2 முதல் 18 வயது வரை எல்லோருக்கும் 25 கிராமுக்குள் என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் தேவை. பெட்டியில் உள்ள 55 கிராம் என்பது பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸையும் சேர்த்த கணக்கு. மேலே சொன்ன வரம்புகள் பாலின் இயல்பான சர்க்கரையைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைக் கழித்தால் 100 கிராம் பால் சாக்லேட்டில் 45 கிராமை ஒட்டி வரும். அப்படியானால் ஆறு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் வரம்பு, நாற்பது கிராம் சாக்லேட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. பழச்சாறு, பிஸ்கட், ஜாம், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியம் எல்லாவற்றிலும் சர்க்கரை இருப்பதால், சாதாரண நாளில் 20 கிராம் சாக்லேட் நியாயமான அளவு. நம் 200 கிராம் முட்டையோ கிட்டத்தட்ட ஐந்து நாள் வரம்பு.

ஆனால் இந்த வரம்புகளை விஷத்தின் அளவு மாதிரி படித்துவிடக் கூடாது. 19 கிராம் வரை பத்திரம், இருபதாவது கிராமில் ஆபத்து என்று எவரும் சொல்லவில்லை. எடை கூடுவதும் பல் சொத்தையாவதும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிற வேலைகள். வரம்பும் அந்த நீண்ட பழக்கத்துக்காகப் போடப்பட்டது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நாலு மடங்கு தாண்டினால் பிள்ளையின் உடம்பு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மிஞ்சிப்போனால் வயிற்றுவலி, ஒரு தடவை வாந்தி. என் கருத்தில் ஈஸ்டர் நாள் பிரச்சினையே இல்லை. அதற்கு அடுத்த இரண்டு வாரம்தான் பிரச்சினை: குவியல் வீட்டில் இருக்கும், பிள்ளை போகவர ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும் அந்த இரண்டு வாரம்.

ஈஸ்டரையும் மிகுதியையும் பிரிப்பது என்றைக்குமே சுலபமாக இருந்ததில்லை. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் 40 நாளும் இறைச்சியோடு முட்டைக்கும் தடை இருந்தது. கோழிக்கு நோன்பு தெரியாதே, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். நோன்பு முடிகிற நாளில் வீட்டில் முட்டை மலையாகக் குவிந்திருக்கும். அதை அவித்துச் சாயம் பூசி ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னரின் 1290ஆம் ஆண்டு வீட்டுக் கணக்கில் இப்படி அலங்கரிக்க 450 முட்டை வாங்கிய செலவு பதிவாகி இருக்கிறது. தோட்டத்தில் முட்டையை ஒளித்து வைக்கும் ஈஸ்டர் முயலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்து 1682ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எழுதியவர் கேயார்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்ற ஜெர்மன் மருத்துவர். மருத்துவர் ஏன் முயலைப் பற்றி எழுத வேண்டும்? அந்தக் கட்டுரையே ஈஸ்டர் முட்டையை அளவில்லாமல் தின்பதால் உடம்புக்கு வரும் தொல்லைகளைப் பற்றியது. அவர் கவலைப்பட்டது கோழிமுட்டையைக் குறித்து. சாக்லேட் வருவதற்கு இன்னும் இரண்டு நூற்றாண்டு இருந்தது: பிரிட்டனில் உள்ளீடற்ற சாக்லேட் முட்டையை ஃபிரை நிறுவனம் 1873இல் பிரிஸ்டலில் வார்த்தது, இரண்டு வருடம் கழித்து கேட்பரி பின்தொடர்ந்தது.

சரி, சாக்லேட் தின்ற பிள்ளை தலைகால் புரியாமல் ஆடுமே, அதற்கு என்ன சொல்வது? பெற்றோர் பெரும்பாலும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் மார்க் வோல்ரைச் குழு 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குடும்பங்களின் மொத்த உணவையும் வாரக்கணக்கில் மாற்றினார்கள். சில வாரம் சர்க்கரை நிறைந்தது, சில வாரம் செயற்கை இனிப்பூட்டி சேர்த்தது. எது எந்த வாரம் என்று பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 'சர்க்கரை பட்டால் தாங்காது' என்று அவர்கள் பெற்றோரே சொன்னவர்கள். நடத்தையிலும் கவனத்திலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மறுவருடம் இதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசியபோதும் அதே முடிவுதான் வந்தது.

இன்னொரு சோதனை இதைவிடச் சுவாரசியமானது. அதுவும் 1994இல் வந்தது. 5 முதல் 7 வயதுப் பையன்களும் அவர்களின் அம்மாக்களும் கலந்துகொண்டார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதி அம்மாக்களிடம் மட்டும் 'உங்கள் மகன் நிறையச் சர்க்கரை குடித்திருக்கிறான்' என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பையன் அடங்காமல் ஆடியதாக மதிப்பெண் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. ஒளிப்பதிவில் பார்த்தபோது அவர்கள் மகனை ஒட்டியே நின்றிருந்தார்கள், அதிகம் கண்டித்தார்கள், அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் ஆடுவதற்குக் காரணம் வேறு: அதிகாலையில் எழுந்தது, ஒளித்து வைத்ததைத் தேடி ஓடியது, வீடு நிறையச் சொந்தக்காரப் பிள்ளைகள். வெறும் கேரட்டை ஒளித்து வைத்திருந்தாலும் ஆடத்தான் போகிறார்கள்.

காஃபீனைக் குறை சொல்லவும் வழியில்லை. பால் சாக்லேட்டில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பிள்ளைகளுக்குச் சொன்ன பாதுகாப்பான அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளுக்கு 3 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 60. முழு முட்டையையும் தின்றாலும் 40தான். டார்க் சாக்லேட் என்றால் கதை வேறு. 70 விழுக்காடு கொக்கோ உள்ளதில் 100 கிராமுக்கு 80 வரை போகும்.

பல்லுக்கு வருவோம். ஆடுவதைப் பற்றிய பயம் கட்டுக்கதை. பல்லைப் பற்றியது அப்படியல்ல. வாயில் சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக்கிவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து தாது கரைய ஆரம்பிக்கிறது. எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைக் கழுவி, கரைந்ததையும் ஓரளவு திருப்பிக் கொடுக்கும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் 1940களில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டினார், பல் மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் 'ஸ்டீபன் வளைவு' என்றே படிக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பல் கிராமை எண்ணுவதில்லை, தடவையை எண்ணுகிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரே மூச்சில் 60 கிராம் தின்றால் ஒரு அமிலத் தாக்குதல். அதே 60 கிராமைப் பத்து கிராம் துண்டுகளாகக் காலை முதல் மாலை வரை கொறித்தால் ஆறு தாக்குதல். ஒன்றிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். 'ஒரே நேரத்தில் தின்னாதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு' என்று நாம் அக்கறையாகச் சொல்கிற யோசனை, பல்லைப் பொறுத்தவரை நேர் எதிரான யோசனை.

இந்த அறிவு வந்த வழி அவ்வளவு கௌரவமானது அல்ல. சுவீடனின் லுண்ட் நகரில் விப்பேஹோல்ம் என்று அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான மருத்துவமனை இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்கே இருந்த நோயாளிகளுக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி பிரத்யேகமாகச் செய்த டாஃபிகளைச் சாப்பாட்டுக்கு இடையிடையே கொடுத்து, பல் அழுகுகிறதா என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்கள் அவர்கள். பலருடைய பற்கள் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி போயின. 1954இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரை செய்யும் கேடு கொஞ்சம், இடையிடையே ஒட்டும் பண்டமாக வரும் சர்க்கரை செய்யும் கேடு மிக அதிகம். இதை ஒட்டி சுவீடன் அதிகாரிகள் பிள்ளைகளுக்குச் சொன்ன யோசனைதான் சனிக்கிழமை மிட்டாய். வாரத்தில் ஒரு நாள், ஆசை தீரத் தின்னலாம். மற்ற ஆறு நாள் கிடையாது. இன்றுவரை அந்த வழக்கம் அங்கே இருக்கிறது. அதன் பின்னணி நினைவுக்கு வந்தால் மிட்டாய் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

ஒட்டும் பண்டம் என்றதும் சாக்லேட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். அது வாயின் சூட்டில் உருகி, எச்சிலோடு கலந்து சீக்கிரம் இறங்கிவிடும். எந்தப் பண்டம் பல்லில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று 1991இல் அளந்து பார்த்தபோது, பால் சாக்லேட் வேகமாக விலகும் வரிசையில் வந்தது. பல்லிடுக்கில் நெடுநேரம் தங்கியவை பிஸ்கட்டும் உருளைக்கிழங்கு சிப்ஸும். ஆக, பிள்ளைக்கு இனிப்பு கொடுத்தே ஆக வேண்டிய நாளில் சாக்லேட் மோசமான தேர்வு அல்ல. இரவு பல் துலக்கிய பிறகு மட்டும் கூடவே கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், கழுவ ஆள் இருக்காது.

அப்படியானால் பூட்டி வைத்து நாளுக்கு ஒரு துண்டு என்று அளந்து கொடுத்தால்? இதற்கும் ஆய்வு இருக்கிறது. ஜெனிஃபர் ஃபிஷரும் லீன் பர்ச்சும் 1999இல் வெளியிட்டது. ஒரு தின்பண்டத்தைச் சிறு பிள்ளைகளின் கண்ணெதிரே வைத்துக் கொஞ்ச நேரம் மட்டுமே எடுக்க அனுமதித்தார்கள். அதைப்போன்ற இன்னொரு பண்டத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தடை போட்ட பண்டத்தைப் பற்றியே பிள்ளைகள் பேசினார்கள், அதையே கேட்டார்கள், அனுமதி கிடைத்த நேரத்தில் அதைத்தான் அதிகம் எடுத்தார்கள். பண்டத்தின் ருசி மாறவில்லை, தடைதான் அதற்கு மவுசு கொடுத்தது. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் பளபளக்கும் தாளோடு முட்டையை அடுக்கி வைத்துவிட்டு, 'கேட்கக் கூடாது' என்று சொல்லும் வீடு ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனைதான் தினமும் நடக்கிறது.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொல்லும் முறை எனக்குப் பிடித்தது. எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இனிப்பு குவியும் பண்டிகைக்கு அவர் சொல்வது: முதல் நாள் இஷ்டம்போல் தின்ன விடுங்கள், இரண்டாம் நாளும் விடுங்கள், பிறகு சாப்பாட்டு நேரத்துக்கும் சிற்றுண்டி நேரத்துக்கும் மட்டும் என்று மாற்றுங்கள். கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். நாலாவது துண்டுக்குமேல் பல பிள்ளைகள் தாங்களே நிறுத்திவிடும் என்பதை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். நிறுத்தாத பிள்ளை வயிற்றுவலியில் கற்றுக்கொள்ளும், அதுவும் பாடம்தான்.

இரண்டு நாள் என்பது எனக்குச் சற்று அதிகமாகப் படுகிறது. ஒரு நாள் போதும். பெரிய சாப்பாடு முன்னால் வரட்டும், வெறும் வயிற்றில் சாக்லேட் வேண்டாம். மறுநாள் முதல் ஒரே விதி: 'சாப்பாட்டுக்கு அப்புறம். எவ்வளவு வேணும்னு கிண்ணத்தில் நீயே எடுத்துக்கோ, டப்பா உள்ளே போயிடும்.' கிண்ணம் சிறியதாக இருக்கட்டும், பேரம் வேண்டாம். முக்கியமாக, 'கீரையைச் சாப்பிட்டால் சாக்லேட்' என்ற ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம். அதில் கீரை தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் ஆகிவிடும், இரண்டு பக்கமும் நமக்கு நஷ்டம்.

உள்ளே வருவதைக் குறைப்பது, வந்ததைக் கட்டுப்படுத்துவதைவிட எளிது. உறவினர்களிடம் ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பே சொல்லிவிடலாம். தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளை தங்கள் கையிலிருந்து முட்டையை வாங்க வேண்டும். அந்த ஆசையைக் கெடுக்க வேண்டாம், சின்னதாக வாங்கச் சொன்னால் போதும். அத்தை, மாமா, பக்கத்து வீட்டாருக்கெல்லாம் வண்ணப் பென்சில், பந்து, கதைப்புத்தகம், விதைப் பொட்டலம் என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். வாங்கும்போது ஒன்று தெரிந்திருந்தால் நல்லது. உள்ளீடற்ற முட்டை பார்வைக்குப் பெரிது, எடையில் சிறிது. உயரமான பெட்டியில் 100 கிராம் முட்டை நிற்கும், பக்கத்தில் கையடக்கமான கட்டிச் சாக்லேட் 200 கிராம் இருக்கும். பிள்ளைக்குப் பெரிதாகத் தெரிவதுதான் பெரிது. ஒளித்துத் தேடும் விளையாட்டுக்கும் இதே கணக்கு: கண்டுபிடிக்கும் சந்தோஷம் எண்ணிக்கையில் இருக்கிறது. பிளாஸ்டிக் முட்டைகளுக்குள் சிலவற்றில் சாக்லேட், சிலவற்றில் ஸ்டிக்கர் என்று கலந்து வைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இதுவரை சொன்ன தாராளம் எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எவ்வளவு என்று கேட்டால் என் பதில் பூஜ்யம். அமெரிக்க இதயச் சங்கமும் அதையேதான் சொல்கிறது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953இல் முடிந்தது, உடனே மக்கள் உண்ணும் சர்க்கரை ஏறத்தாழ இரட்டிப்பானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2024இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. கைக்குழந்தைக்கு ஈஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாது, இழப்பும் இல்லை. ஆசைக்கு ஒரு முட்டை வந்தால் அப்பா அம்மா தின்றுவிடலாம்.

நாலைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து, அளவோடு சம்பந்தம் இல்லாதது. சர்க்கரை ஓடு போட்ட சின்னச் சின்ன முட்டைகள் உருண்டையாக, வழவழப்பாக, கடினமாக இருக்கும். சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்க அந்த அளவே போதும். கடைவாய்ப் பல் சரியாக வராத பிள்ளை அதைக் கடிக்காமல் விழுங்கப் பார்க்கும். ஓடிக்கொண்டே வாயில் போட்டால் இன்னும் மோசம். அந்த வயதுக்கு உடைத்த மெல்லிய ஓட்டுத் துண்டுதான் சரி, அதுவும் உட்கார்ந்து. பால், கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பெட்டியில் உள்ள எழுத்தை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் படிக்க வேண்டும்; பண்டிகை வடிவில் வருவதன் சேர்மானம் அதே பெயருள்ள வழக்கமான பாரோடு ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையும் சாக்லேட் சாப்பிடலாம். சாப்பாட்டோடு சேர்த்து, இன்சுலின் அளவைக் கணக்கிட்டு. அந்தக் கணக்கு அவர்கள் மருத்துவக் குழு சொல்லித் தருவது.

டார்க் சாக்லேட் நல்லது என்று அதற்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை பாதியாகக் குறையும், உண்மை. கசப்பினால் பிள்ளை சீக்கிரம் நிறுத்தும், அதுவும் உண்மை. ஆனால் கொக்கோ கூடக் கூட, மண்ணிலிருந்து அது இழுத்துவரும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் அமல்படுத்தும் வரம்புகளைப் பார்த்தாலே புரியும்: கொக்கோ 30 விழுக்காட்டுக்குக் குறைவான பால் சாக்லேட்டுக்குக் கிலோவுக்கு 0.10 மில்லிகிராம், 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளதற்கு 0.80. எப்போதாவது ஒரு துண்டு என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. 'ஆரோக்கியம்' என்ற பெயரில் தினமும் கொடுக்க வேண்டாம். சர்க்கரை இல்லாத சாக்லேட்டில் பெரும்பாலும் மால்டிடால் போன்ற இனிப்பூட்டி இருக்கும்; பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தின்றுவிட்டால் பண்டிகை கழிப்பறையில் கழியும்.

மிஞ்சியதைத் தின்று தீர்க்க அவசரம் எதுவும் இல்லை. பால் சாக்லேட் குளுமையான, உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். மேலே வெள்ளையாகப் படர்வது பூஞ்சை அல்ல, உள்ளே இருக்கும் கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிகமாவது. ருசி சற்றுக் குறையும், கெடுதல் இல்லை. உடைந்த துண்டுகளை உருக்கி கேக்கில் சேர்க்கலாம், சூடான பாலில் கரைக்கலாம். மூடி போட்ட, ஒளி ஊடுருவாத டப்பாவில், கண்ணுக்குத் தெரியாத அலமாரியில் வைப்பது நல்லது. வீட்டில் நாய் இருந்தால் உயரமான அலமாரியாக இருக்க வேண்டும். கொக்கோவில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருளை நம் உடம்பு சுலபமாக வெளியேற்றிவிடும், நாயின் உடம்பு அவ்வளவு வேகமாகச் செய்யாது. சாக்லேட் எவ்வளவு கறுப்போ நாய்க்கு அவ்வளவு விஷம். தோட்டத்தில் ஒளித்து வைத்த முட்டைகளை எண்ணி வைத்து, விளையாட்டு முடிந்ததும் எல்லாம் திரும்பி வந்ததா என்று பார்த்த பிறகு நாயை வெளியே விடுங்கள்.